எட்டாண்டு மௌனத்தின் விலை

2014 செப்டம்பரில் இலங்கை அரசு மின் கட்டணத்தை 25 சதவீதம் குறைத்தது. நுரைச்சோலை அனல்மின் நிலையம் முழு அளவில் ஓடத் தொடங்கியிருந்தது. அடுத்த ஜனவரியில் ஜனாதிபதித் தேர்தல். அதன் பிறகு 2022 ஆகஸ்டு வரை அங்கே கட்டணம் ஒரு சதம்கூட ஏறவில்லை. பாக் நீரிணைக்கு இந்தப் பக்கம், 2014 டிசம்பரில் தமிழ்நாடு மின்சார ஒழுங்குமுறை ஆணையம் கட்டணத்தை உயர்த்தியது. அடுத்த உயர்வு 2022 செப்டம்பர் 10-ஆம் தேதிதான் வந்தது. நடுவே 2017-இல் ஓர் ஆணை வெளியானது, விகிதங்கள் உயரவில்லை. நாடு வேறு, சட்டம் வேறு, ஆணையம் வேறு. மௌனம் காத்த காலம் மட்டும் ஏறத்தாழ ஒன்றே. இந்த ஒற்றுமை தற்செயலாக இருக்கலாம். மௌனத்துக்குப் பிறகு இரு இடங்களிலும் நடந்ததைத் தற்செயல் என்று ஒதுக்கிவிட முடியாது.

யாழ்ப்பாணத்திலோ மட்டக்களப்பிலோ மாதம் 30 அலகு மின்சாரத்தோடு காலம் தள்ளும் ஒரு வீட்டை எடுத்துக்கொள்வோம். சில பல்புகள், சில மணி நேரம் ஒரு மின்விசிறி, அதற்கு மேல் எதுவும் தாங்காது. 2022 ஆகஸ்டுக்கு முன் அந்த வீட்டின் கட்டணம் அலகுக்கு 2 ரூபா 50 சதம், நிலையான கட்டணம் 30 ரூபா. ஆக மொத்தம் 105 ரூபா. ஆகஸ்டில் அலகுக்கு 8 ரூபாவும் நிலையான கட்டணம் 120 ரூபாவும் ஆனதால் பட்டியல் 360 ரூபாவுக்குப் போனது. 2023 பிப்ரவரியில் அலகுக்கு 30, நிலையான கட்டணம் 400. மொத்தம் 1,300 ரூபா. ஆறே மாதத்தில் பன்னிரண்டு மடங்கு. எட்டு ஆண்டுகள் ஏழைகளைக் காப்பதாகச் சொல்லிக் கட்டணத்தைத் தொடாமல் வைத்திருந்தார்கள். கடைசியில் எல்லாரையும்விட அதிக மடங்கு உயர்வு அந்த ஏழைகளின் தலையில்தான் விழுந்தது, அதுவும் விலைவாசி உச்சத்தில் நின்ற நேரத்தில்.

தமிழ்நாட்டில் அப்படி ஒரேயடியாக விழவில்லை. இங்கே மௌனம் வேறு விதமாக விளைந்தது. 2022-க்கு முந்தைய ஸ்லாப் முறையை நினைவுபடுத்திப் பாருங்கள். இரண்டு மாதத்துக்கு 500 யூனிட் ஓட்டிய வீட்டுக்குக் கரண்ட் பில் 1,130 ரூபாய். 501 யூனிட் ஓட்டிவிட்டால் 1,786 ரூபாய். ஒரே ஒரு யூனிட்டுக்கு 650 ரூபாய்க்கு மேல். ரீடிங் எடுக்க வருபவர் நாலு நாள் தாமதமாக வந்தால் போதும், வீடு அந்தக் கோட்டைத் தாண்டிவிடும். கணக்குத் தெரிந்த யாரும் மேசையில் உட்கார்ந்து இப்படி ஒரு கட்டண அமைப்பை வரைய மாட்டார்கள். மானியத்தின் மேல் மானியத்தை ஒட்டி, அடியில் இருக்கும் கட்டணத்தை ஆண்டுக்கணக்கில் யாரும் எடுத்துப் பார்க்காமல் விட்டதால் படிந்த அழுக்கு அது. 2022 ஆணைக்குப் பிறகும் அந்தப் பள்ளம் முழுதாகத் தூரவில்லை. 650 ரூபாய் 233 ரூபாயாகச் சுருங்கியது, அவ்வளவுதான்.

ஒழுங்குமுறை ஆணையம் என்றதும் விலையேற்றத்துக்கு முட்டுக்கட்டை போடும் அமைப்பு என்ற எண்ணம் பொதுவாக இருக்கிறது. ஆணையம் உயர்வை அனுமதித்தால் அது நிறுவனத்தின் கையாள், மறுத்தால் மக்களின் காவலன். இந்த அளவுகோலே பிழை என்று நினைக்கிறேன். ஒரு தெருவில் இரண்டு நிறுவனங்கள் தனித்தனியாகக் கம்பம் நட்டுக் கம்பி இழுப்பது வீண் செலவு என்பதால்தான் மின் விநியோகத்தை ஒருவர் கையில் விடுகிறோம். அவர் கேட்ட விலையைக் கொடுத்தே தீரவேண்டிய நிலை நுகர்வோருக்கு. எனவே, சந்தை சொல்ல வேண்டிய நியாயமான அடக்கவிலையைச் சந்தைக்குப் பதிலாக ஒருவர் சொல்ல வேண்டும். ஆணையத்தின் வேலை இதுதான். அந்த விலையை ஆண்டுதோறும், பொதுமக்கள் முன்னிலையில், கணக்கைக் கிளறிப் பார்த்துச் சொல்ல வேண்டும். அது ஏறுகிறதா இறங்குகிறதா என்பது இரண்டாவது கேள்வி. சொல்லாமல் விட்டால் முடிவே எடுக்கப்படாமல் போய்விடுவதில்லை. வேறொருவர், வேறொரு இடத்தில், கதவைச் சாத்திக்கொண்டு அதை எடுக்கிறார். இரண்டு கரைகளிலும் அந்த வேறொருவர் கடன் கொடுத்தவர்.

இலங்கையில் அது வெட்டவெளிச்சம். 2022 வசந்த காலத்தில் நாளுக்குப் பதின்மூன்று மணி நேரம் வரை மின்வெட்டு; எரிபொருள் வாங்க டாலர் இல்லை. சர்வதேச நாணய நிதியம் 2023 மார்ச்சில் சுமார் 300 கோடி டாலர் கடனுக்கு ஒப்புதல் அளித்தபோது, அடக்கவிலையை ஈடுகட்டும் மின் கட்டணம் அந்த ஏற்பாட்டின் ஓர் அங்கமாகவே இருந்தது. தமிழ்நாட்டிலும் கதை அதுவே, அளவு சிறிது. 2022 ஜூலையில் கட்டண உயர்வை அறிவித்த அன்றைய மின்துறை அமைச்சர் செந்தில் பாலாஜி காரணங்களை அடுக்கினார். மின்வாரியம் என்று மக்கள் சொல்லும் மின் பகிர்மானக் கழகத்தின் கடன் பத்தாண்டுகளில் சுமார் 43,000 கோடியிலிருந்து ஏறத்தாழ 1,60,000 கோடி ரூபாயானது; வட்டி மட்டுமே ஆண்டுக்கு 16,500 கோடியை எட்டிவிட்டது. கட்டணத்தைத் திருத்தாவிட்டால் மத்திய அரசின் திட்ட நிதி வராது, நிதி நிறுவனங்கள் கடன் தரமாட்டா என்பதும் அவர் சொன்னதே. கட்டணம் உயர்ந்ததற்கான உண்மையான நெருக்கடி ஆணையத்தின் விசாரணை அறையில் பிறக்கவில்லை என்பதை இதைவிடத் தெளிவாக யாரும் சொல்லிவிட முடியாது. ஆணையத்திடம் போனால் நுகர்வோர் எழுந்து நின்று கேள்வி கேட்கலாம். வங்கியின் கடன் குழுவிடம் யார் போய்க் கேட்பது?

தேர்தல் நாள்காட்டியும் ஆணைய நாள்காட்டியும்

தமிழ்நாடு ஆணையம் 1999-இல் அமைக்கப்பட்டது. முதல் கட்டண ஆணை 2003 மார்ச்சில். அடுத்தது 2010 ஜூலையில், பெரும்பாலான வீடுகளைத் தொடாத ஒன்று. 2011-இல் ஆட்சி மாறி ஓராண்டுக்குள், 2012 மார்ச்சில், சராசரியாக 37 சதவீத உயர்வு. 2014 மக்களவைத் தேர்தல் முடிந்த பிறகு டிசம்பரில் ஓர் உயர்வு. 2021 சட்டமன்றத் தேர்தல் முடிந்த அடுத்த ஆண்டு 2022 செப்டம்பர் உயர்வு. 2016 தேர்தலையொட்டி நடந்ததோ எதிர்த்திசை: வீடுகளுக்கு முதல் 100 யூனிட் இலவசம் என்பது அந்த மே மாதம் பதவியேற்ற ஜெயலலிதாவின் முதல் கையெழுத்துகளில் ஒன்று. இந்தத் தேதிகளை வரிசையாக எழுதிப் பார்த்தால் நிலக்கரி விலையோ வட்டி விகிதமோ அவற்றை விளக்காது. தேர்தல் ஆணையத்தின் அட்டவணை விளக்கும்.

மனு வந்தால்தானே ஆணையம் முடிவெடுக்கும், மின்வாரியம் மனுவே போடாவிட்டால் ஆணையம் என்ன செய்யும் என்று கேட்கலாம். சட்டத்தில் விடை இருக்கிறது. மின்சார மேல்முறையீட்டுத் தீர்ப்பாயம் 2011 நவம்பர் 11 அன்று தானாக முன்வந்து எடுத்த வழக்கில், விநியோக நிறுவனம் மனு போடத் தவறினால் ஆணையம் தானே கட்டண நிர்ணயத்தைத் தொடங்க வேண்டும் என்று எல்லா மாநில ஆணையங்களுக்கும் உத்தரவிட்டது. தமிழ்நாடு ஆணையம் 2014-இல் அப்படியே செய்தும் காட்டியது. அந்த டிசம்பர் உயர்வு மின்வாரியத்தின் மனு இல்லாமல் ஆணையம் தானாக எடுத்த நடவடிக்கையில் பிறந்ததுதான். ஆக, வழியும் தெரியும், நடந்த பழக்கமும் உண்டு. 2015 முதல் 2021 வரை மனு வராத ஆண்டுகளில் அதே வழியில் ஏன் கட்டணம் திருத்தப்படவில்லை என்பதற்கு ஆணையத்தின் ஆவணங்களில் மனநிறைவு தரும் பதில் இல்லை.

அந்த மௌனத்தில் கடன் தானாகவும் கரையவில்லை. 2017 ஜனவரியில், மின் விநியோக நிறுவனங்களின் கடனைச் சீரமைக்கும் மத்திய அரசின் உதய் திட்டத்தில் சேர்ந்த தமிழ்நாடு அரசு, மின் பகிர்மானக் கழகத்தின் கடனில் 22,815 கோடி ரூபாயைத் தன் தலையில் ஏற்றுக்கொண்டது. அதாவது கரண்ட் பில்லில் வராத தொகை அரசின் வரவு செலவுக் கணக்கில் வந்தது. குளிர்சாதனப் பெட்டி மூன்று வைத்திருக்கும் வீட்டின் பாக்கியை, ரேஷன் கடையிலும் பேருந்திலும் மறைமுக வரி கட்டும் வீடு சேர்ந்து அடைத்தது என்று இதைப் படிக்கலாம். குறைந்த கட்டணம் ஏழைக்கு நன்மை என்று பேசுகிறவர்கள் இந்தக் கணக்கை ஒருமுறை போட்டுப் பார்க்க வேண்டும்.

மக்கள் தேர்ந்தெடுத்த அரசுதானே இதையெல்லாம் முடிவுசெய்ய வேண்டும், ஓய்வுபெற்ற அதிகாரிகள் நிறைந்த, யாருக்கும் பதில் சொல்லாத ஆணையத்துக்கு ஏன் இந்த அதிகாரம்? இது கனமான எதிர்வாதம். எளிதில் தள்ளிவிடக் கூடாது. தமிழ்நாட்டின் இலவச விவசாய மின்சாரம் எந்த ஆணையமும் தந்ததில்லை. 1984-இல் எம்.ஜி.ஆர். சிறு விவசாயிகளுக்கும், 1990-இல் கருணாநிதி எல்லா விவசாயிகளுக்கும் தந்தது. இரண்டும் அரசியல் முடிவுகள். அப்படித்தான் இருக்கவும் வேண்டும். ஆனால் 2003 மின்சாரச் சட்டம் அரசின் இந்த உரிமையைப் பறிக்கவே இல்லை. அதன் 65-ஆம் பிரிவு, ஆணையம் நிர்ணயித்த கட்டணத்தில் யாருக்குச் சலுகை தர விரும்பினாலும் அரசு தரலாம், அதற்கான தொகையை முன்கூட்டியே செலுத்திவிட வேண்டும் என்கிறது. அடக்கவிலையைச் சொல்வது ஆணையம். சலுகையைச் சொல்வது அரசு. வித்தியாசம் சட்டமன்றத்தில் வாக்கெடுப்புக்கு வரும் மானியக் கோரிக்கையில். மூன்றையும் மக்கள் பார்க்கலாம். அடக்கவிலையே அறிவிக்கப்படாத ஆண்டுகளில் அரசு எவ்வளவு சலுகை தருகிறது என்பதும் யாருக்கும் தெரியாது. தேர்ந்தெடுக்கப்பட்ட அரசின் கொடை அப்போது பெயரில்லாத கடனாகக் கரைந்துபோகிறது.

இந்தப் பிரிவினை நடைமுறைக்கு ஒத்துவராது என்பவர்கள் 2022 அக்டோபர் பிரிட்டனைப் பார்க்கலாம். உக்ரைன் போரால் எரிவாயு விலை எகிறியபோது அந்நாட்டின் எரிசக்தி ஆணையமான ஆஃப்ஜெம், ஒரு சராசரி வீட்டின் ஆண்டுக் கட்டண உச்சவரம்பு 3,549 பவுண்டு என்று அறிவித்தது. கொதித்துப்போன மக்களிடம் அரசு, நீங்கள் 2,500 கணக்கில் கட்டினால் போதும், மீதியைக் கருவூலம் தரும் என்றது. ஆணையம் தன் எண்ணை மாற்றவில்லை. அரசும் தன் கருணையை மறைக்கவில்லை. அந்த ஆயிரம் பவுண்டுக்கு என்ன செலவாகும், யார் கொடுப்பது என்று நாடாளுமன்றத்திலும் பத்திரிகைகளிலும் வெளிப்படையாகச் சண்டை நடந்தது. இன்னொன்றும் கவனிக்கத்தக்கது. நெருக்கடியின்போது ஆஃப்ஜெம் கட்டண உச்சவரம்பைத் திருத்தும் இடைவெளியை ஆறு மாதத்திலிருந்து மூன்று மாதமாகக் குறைத்தது. நாமோ நெருக்கடி முற்ற முற்ற இடைவெளியை நீட்டினோம்.

அடுத்த எதிர்வாதம் தெருவில் கேட்பது, நியாயமானதும்கூட. மின்வாரியத்தின் திருட்டுக்கும் ஊழலுக்கும் ஓட்டைக் கம்பிக்கும் நான் ஏன் பணம் கட்ட வேண்டும்? கட்டவே வேண்டாம் என்பதுதான் சட்டத்தின் நிலையும். ஆண்டுதோறும் கணக்கைத் திறந்து, தவிர்த்திருக்கக்கூடிய செலவை நுகர்வோர் மேல் ஏற்ற அனுமதிக்காமல் வெட்டுவது ஆணையத்தின் கடமை. இந்த வெட்டுக்கு வயது முக்கியம். சென்ற ஆண்டு அதிக விலைக்கு வாங்கிய நிலக்கரியைத் தனியே எடுத்துக் காட்டலாம். எட்டு ஆண்டு இழப்பு ஒன்றாகச் சேர்ந்து கடனாகி, கடன் மறுகடனாகி, வட்டியும் ஏறிய பிறகு அதில் எது நியாயமான செலவு, எது வீண் என்று பிரிக்க எந்தத் தணிக்கையாளராலும் முடியாது. தமிழ்நாட்டில் இருபது லட்சத்துக்கும் மேற்பட்ட விவசாய பம்ப்செட் இணைப்புகளில் பெரும்பாலானவற்றுக்கு மீட்டர் கிடையாது. குதிரைத்திறனை வைத்து மதிப்பிடுகிறார்கள். சட்டத்தின் 55-ஆம் பிரிவு மீட்டர் இல்லாமல் மின்சாரம் தரக் கூடாது என்று சொல்லி இருபது ஆண்டுகளாகிவிட்டன. மீட்டர் வைப்பதால் விவசாயிக்கு ஒரு பைசா செலவில்லை. இலவசம் இலவசமாகவே தொடரலாம். ஆனால் மீட்டர் இல்லாதவரை, கம்பியில் கரைந்ததும் திருடப்பட்டதும் எவ்வளவு, வயலுக்குப் போனது எவ்வளவு என்பது மின்வாரியம் சொல்வதுதான். ஆணையம் ஆண்டுதோறும் இதைக் கேட்டுக் குடைந்திருந்தால் மின்வாரியத்துக்குத்தான் சங்கடம். மௌனம் நுகர்வோரைக் காத்தது என்பதைவிட மின்வாரியத்தின் திறமையின்மையைக் காத்தது என்பதே சரி.

தனியாரும் போட்டியும் தீர்வா?

அப்படியானால் தனியாரிடம் கொடுத்துவிடலாமே என்ற குரல் உடனே எழும். டெல்லி 2002 ஜூலையிலேயே விநியோகத்தைத் தனியாரிடம் கொடுத்தது. மின் திருட்டும் இழப்பும் அங்கே வெகுவாகக் குறைந்தன, இதை மறுப்பதற்கில்லை. ஆனால் மௌன நோய் குறையவில்லை. அங்குள்ள ஆணையம் செலவு நியாயமானது என்று ஏற்றுக்கொள்ளும், கட்டணத்தை மட்டும் உயர்த்தாது. மீதியை ‘ஒழுங்குமுறைச் சொத்து’ என்ற பெயரில் எழுதிவைக்கும். மளிகைக் கடையில் கணக்கு நோட்டில் எழுதிவைப்பது போலத்தான். ஒரே வேறுபாடு, இங்கே வாங்குபவருக்குத் தன் பேரில் பற்று எழுதப்படுவதே தெரியாது, வட்டியும் ஓடுகிறது. டெல்லியில் மட்டும் இந்தப் பற்று 27,000 கோடி ரூபாயைத் தாண்டியது. டெல்லி நிறுவனங்கள் தொடுத்த வழக்கில் உச்ச நீதிமன்றம் 2025 ஆகஸ்டு 6 அன்று தீர்ப்பளித்தது. இப்படி எழுதிவைப்பது அசாதாரணமான சூழலில் மட்டுமே செல்லும், ஆண்டுத் தேவையில் மூன்று சதவீதத்தைத் தாண்டக் கூடாது, பழைய பாக்கியைக் காலக்கெடுவுக்குள் தீர்க்க ஆணையங்கள் திட்டம் தரவேண்டும் என்பது அதன் சாரம். பாக்கி இவ்வளவு ஏற விட்டதை ஆணையங்களின் தோல்வியாகவே நீதிமன்றம் பார்த்தது. அரசு நிறுவனமான தமிழ்நாட்டு மின்வாரியத்துக்கும் தனியார் கையிலுள்ள டெல்லி நிறுவனங்களுக்கும் ஒரே வியாதி என்றால், வியாதியின் வேர் உரிமையாளர் யார் என்பதில் இருக்க முடியாது.

தொலைபேசியைப் பாருங்கள், போட்டி வந்ததும் விலை எப்படி விழுந்தது என்பார்கள். உண்மைதான். 1995-இல் இந்தியாவில் செல்பேசி வந்தபோது நிமிடத்துக்கு 16 ரூபாய் வரை. வரும் அழைப்புக்கும் காசு. இன்று அழைப்புக்குத் தனிக் கட்டணமே ஏறக்குறைய மறைந்துவிட்டது. தொலைத்தொடர்பு ஆணையமான டிராய் செல்பேசிக் கட்டணத்தைத் தானே நிர்ணயிப்பதை நிறுத்திப் பல ஆண்டுகளாகின்றன. ஆனால் விலையை விட்டுவிட்ட டிராய் கதவுகளை விட்டுவிடவில்லை. ஒரு நிறுவனத்தின் வாடிக்கையாளர் இன்னொன்றின் வாடிக்கையாளரை அழைக்க இரண்டு வலைப்பின்னல்களும் இணைய வேண்டும். அந்த இணைப்புக்கு எவ்வளவு என்பதை டிராய் படிப்படியாகக் குறைத்து 2021 ஜனவரி 1 முதல் பூஜ்யமாக்கியது. 2011-இல் நாடு முழுவதும் எண்ணை மாற்றாமல் நிறுவனத்தை மாற்றும் வசதி வந்தது. 2016-இல் ஜியோ நுழைந்தபோது பழைய நிறுவனங்கள் போதுமான இணைப்புகளைத் தரவில்லை என்ற புகாரில் 3,050 கோடி ரூபாய் அபராதம் விதிக்க டிராய் பரிந்துரைத்தது. மத்திய அரசு அதன் மேல் நடவடிக்கை எடுக்க ஐந்து ஆண்டுகள் ஆனது வேறு கதை. போட்டி தானாக வாழ்ந்த இடம் எதுவும் இல்லை. கதவு சாத்தப்படாமல் யாரோ பார்த்துக்கொண்ட இடத்தில்தான் அது வாழ்ந்தது.

மின்சாரத்தில் அந்தக் கதவு கம்பிதான். மும்பைப் புறநகரில் இரண்டு நிறுவனங்களுக்கு விநியோக உரிமம் உண்டு என்று 2008-இல் உச்ச நீதிமன்றம் சொன்ன பிறகு, ஏராளமான நுகர்வோர் ஒன்றிலிருந்து மற்றொன்றுக்கு மாறினார்கள். பெரும்பாலும் கம்பி பழைய நிறுவனத்தினுடையது; மின்சாரம் மட்டும் புதியவருடையது. கம்பிக்கு வாடகை எவ்வளவு, போகிறவர்கள் விட்டுச்செல்லும் குறுக்கு மானியச் சுமையை யார் தாங்குவது என்ற கேள்விகள் எல்லாம் சுற்றிச் சுற்றி மகாராஷ்டிர ஆணையத்திடமே வந்தன. போட்டி ஆணையத்தின் வேலையைக் கூட்டுகிறது. மௌனம் காக்கும் ஆணையத்தை வைத்துக்கொண்டு போட்டியைக் கொண்டுவருவது இன்னும் ஆபத்து. பிரிட்டனில் 2021-இல் விலை ஏறிய வேகத்துக்கு ஈடுகொடுக்க முடியாமல் ஏறத்தாழ முப்பது சில்லறை எரிசக்தி நிறுவனங்கள் அடுத்தடுத்துக் கவிழ்ந்தன. உச்சவரம்பு ஆறு மாதத்துக்கு ஒருமுறைதான் மாறும் என்பது அதற்கு ஒரு காரணம். சொல்லப்போனால் தொலைத்தொடர்பிலேயே இப்போது காற்று மாறுகிறது. ஒரு காலத்தில் பத்துக்கும் மேற்பட்ட நிறுவனங்கள் இருந்த சந்தையில் இன்று மூன்று தனியார் நிறுவனங்களும் ஓர் அரசு நிறுவனமும்தான். 2024 ஜூலை முதல் வாரத்தில் மூன்று தனியாரும் ஒருநாள் இடைவெளிக்குள் கட்டணத்தை உயர்த்தினார்கள், சில திட்டங்களில் இருபது சதவீதத்துக்கும் மேல். டிராய் தலையிடவில்லை. பத்துப் பேர் போட்டியிட்ட நாளில் பொருத்தமாக இருந்த ஒதுங்கல், மூவர் மிஞ்சிய நாளிலும் பொருந்துமா என்று அது ஒரு பொது விசாரணையாவது நடத்தியிருக்கலாம்.

வாய் திறந்த ஆணையங்களுக்கு என்ன ஆனது என்பதையும் சொல்லாவிட்டால் இந்த வாதம் நேர்மையாகாது. 1997-இல் பிறந்த டிராய், உரிமம் தருபவராகவும் போட்டியாளராகவும் ஒரே நேரத்தில் இருந்த மத்திய அரசின் தொலைத்தொடர்புத் துறையோடு மோதியது. 2000 ஜனவரியில் ஓர் அவசரச் சட்டம் வந்து ஆணையத்தையே கலைத்துப் புதிதாக அமைத்தது. வழக்கு விசாரிக்கும் அதிகாரம் தனித் தீர்ப்பாயத்துக்குப் போனது. இலங்கையில், 2023 பிப்ரவரி உயர்வு நியாயமற்றது என்று பொதுப் பயன்பாடுகள் ஆணைக்குழுவின் தலைவர் ஜனக ரத்நாயக்க வெளிப்படையாக எதிர்த்தார். மற்ற உறுப்பினர்கள் ஒப்புதல் தந்தனர். 66 சதவீத உயர்வு அமலானது. மே 24 அன்று நாடாளுமன்றம் 123-க்கு 77 என்ற வாக்குகளில் அவரைப் பதவியிலிருந்து நீக்கியது. அவரது அரசியல் ஆசைகளைப் பற்றி நிறையப் பேச்சு இருந்தது, இருக்கட்டும். அவர் எழுப்பிய கேள்விகளில் ஒன்று, மின் தேவை மிகையாகக் கணிக்கப்பட்டிருக்கிறது என்பது. கட்டணம் ஏறியதும் மக்கள் பயன்பாட்டைச் சுருக்கினார்கள், ஜூலையில் கட்டணத்தைக் குறைக்க வேண்டி வந்தது. 30 அலகு வீட்டின் 1,300 ரூபா 450 ஆனது. ஆக, அதிகமாகக் கேட்கிறார்கள் என்று பிப்ரவரியில் சொன்னதில் பொருள் இருந்திருக்கிறது. எட்டாண்டு மௌனம் எவ்வளவு கெடுதலோ, கடன் கொடுத்தவரின் அவசரத்தில் கணக்கைச் சரிபார்க்காமல் தலையாட்டுவதும் அவ்வளவு கெடுதல்.

அதே ஆணைக்குழு பிறகு கற்றுக்கொண்டிருக்கிறது போலும். 2025 ஜனவரியில் கட்டணத்தை மாற்ற வேண்டாம் என்று மின்சார சபை கேட்டது. ஆணைக்குழு கணக்கைப் பார்த்து 20 சதவீதம் குறைத்தது. ஜூனில் 15 சதவீதம் உயர்த்தியது. குறைத்ததைப் பாராட்டியவர்கள் ஜூனில் திட்டினார்கள். ஆறு மாதத்தில் இறக்கி ஏற்றுவது நல்ல நிர்வாகமா என்ற விவாதத்துக்கு இடமுண்டு. ஆனால் இரண்டு முறையும் எண் வெளியே வந்தது, காரணம் எழுத்தில் வந்தது. 2014-க்கும் 2022-க்கும் இடையில் இவை இரண்டும் நடக்கவில்லை.

தமிழ்நாடு இந்த இடத்துக்கு இன்னும் வரவில்லை. 2022 செப்டம்பர் ஆணை ஐந்து ஆண்டுகளுக்கு ஒரு சூத்திரத்தை வைத்தது: ஆண்டுதோறும் ஜூலையில் ஆறு சதவீதம் அல்லது விலைவாசிக் குறியீட்டு உயர்வு, இதில் எது குறைவோ அது. அதன்படி 2023-இல் 2.18, 2024-இல் 4.83, 2025-இல் 3.16 சதவீதம் ஏறியது. 2023-இலும் 2025-இலும் வீடுகளுக்கான உயர்வை அரசே ஏற்றது. மௌனத்தைவிட இது மேல். எட்டு ஆண்டு பாக்கி ஒரே நாளில் வந்து விழாது. ஆனால் கடிகாரம் தானாக ஓடுவதையும் ஆணையம் கணக்குப் பார்ப்பதையும் ஒன்றென்று நினைத்துவிடக் கூடாது. விலைவாசிக் குறியீட்டுக்கு மின்வாரியத்தின் நிலக்கரிக் கிடங்கில் என்ன நடக்கிறது என்று தெரியாது. கோயம்புத்தூரின் சிறு பட்டறைக்காரர்களிடம் கேட்டால் யூனிட் விலையைவிட நிலைக் கட்டணத்தைப் பற்றித்தான் அதிகம் பேசுவார்கள். 2022-க்கு முன் கிலோவாட்டுக்கு 35 ரூபாயாக இருந்தது, பெரிய தாழ்வழுத்த இணைப்புகளுக்கு 150 ரூபாயாகி, அதற்கு மேல் ஆண்டுதோறும் சூத்திரப்படி ஏறுகிறது. ஆர்டர் இல்லாமல் லேத் சும்மா நின்றாலும் அதைக் கட்டியாக வேண்டும். 2023 செப்டம்பரில் குறுந்தொழில் நிறுவனங்கள் ஒருநாள் கதவடைத்தது இதற்கும் உச்ச நேரக் கட்டணத்துக்கும் எதிராகத்தான். இந்த முரண்பாட்டைச் சூத்திரம் தீர்க்காது, விசாரணைதான் தீர்க்கும்.

2022 ஆகஸ்டில் கோவையிலும் மதுரையிலும் சென்னையிலும் கருத்துக் கேட்புக் கூட்டங்கள் நடந்தன. அந்த நேரத்தில் ஆணையத்தில் சட்ட உறுப்பினர் பதவி காலியாக இருந்தது. சட்டம் அறிந்த ஒருவர் இருந்தாக வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் 2018-லேயே சொல்லியிருந்தது. நூற்பாலைகள் சங்கம் வழக்குத் தொடுக்க, உறுப்பினரை நியமிக்கும் வரை இறுதி ஆணை கூடாது என்றார் உயர் நீதிமன்ற மதுரைக் கிளையின் தனி நீதிபதி. மேல்முறையீட்டில் இரு நீதிபதிகள் அமர்வு தடையை நீக்கியது. சில நாட்களில் ஆணை வெளியாகிவிட்டது. எட்டு ஆண்டுகள் பொறுத்த அமைப்பால் சட்ட உறுப்பினரின் நாற்காலி நிரம்பும்வரை சில வாரம் பொறுக்க முடியவில்லை.

அந்த ஐந்தாண்டு ஆணையின் காலம் 2027 மார்ச்சோடு முடிகிறது. அடுத்த காலத்துக்கான மனுவை மின்வாரியம் 2026 நவம்பருக்குள் போட வேண்டும். இப்போது அது மூன்று நிறுவனங்களாகப் பிரிந்திருப்பதால் உற்பத்திச் செலவும் விநியோகச் செலவும் முதல்முறையாகத் தனித்தனிப் பக்கங்களில் வரக்கூடும். பம்ப்செட் நுகர்வு எந்த அளவீட்டில் மதிப்பிடப்பட்டிருக்கிறது, பழைய இழப்பில் எவ்வளவு நுகர்வோர் மேல் ஏற்றக் கேட்கிறார்கள், அரசின் மானியம் 65-ஆம் பிரிவு சொல்வது போல் முன்கூட்டியே வந்ததா என்பவை அதில் தேடிப் படிக்க வேண்டிய இடங்கள். மனு வராமலே நவம்பர் கழிந்தால், 2014-இல் செய்ததைப் போல ஆணையம் தானே கோப்பைத் திறக்க வேண்டும். 2011 தீர்ப்பாய உத்தரவின்படி அது ஆணையத்தின் விருப்பத்துக்கு விடப்பட்ட காரியமல்ல.